போயிட்டுத் திரும்பி வர்ற பேரு

எத்தன தடவ போன் பண்ணேன், ஒருத்தரும் எடுக்கல, எங்க சனங்க பேரெல்லாம் மறுபடியும் கேள்விக்குறியாவே வருது, சாரை ஒரு நிமிசம் பாக்காம நான் மலை ஏற மாட்டேன். இதத்தானே வாசல்ல நின்னு சொன்ன? தெருவுக்கே கேட்டுச்சு. இப்ப உள்ள வந்து நாற்காலியில உக்காந்துக்கிட்டும் அதையே சொல்ற. எனக்குக் காது நல்லாத்தான் இருக்குது மேனகா. ஒரு தடவ சொன்னாப் போதும். கான்வென்ட்ல எங்க சிஸ்டரு, சொன்னதையே திருப்பிச் சொல்றவளுக்குத்தான் ஸ்கேலால அடி போடுவாங்க. கேக்காதவள விட்டுடுவாங்க.

போனை எடுக்காம விட்டது நான்தான். அவரு போன் என்கிட்டதான் இருக்குது. ஊருல யாரு கூப்பிட்டாலும் அதுல வெறும் மணி அடிக்கும். நீ கூப்பிட்டா மட்டும் புல்லாங்குழல் வரும். தெரியாதா உனக்கு? வூட்டுக்காரி கூப்பிட்டாலும் மணிதான். நான் மெனக்கெட்டு அடுப்படியில இருந்து அடிச்சுப் பாத்தேன்.

பையில என்ன, சாமையா? வை அந்தப் பக்கம். அவருக்கு இப்பக் கஞ்சிதான். சரி, சாமைக் கஞ்சியே வெச்சிடறேன். வத்தல்மலைச் சாமைன்னா தனி ருசிம்பாரு. இந்த வூட்டுல நான் வடிக்கற சோத்தப் பத்தி அவரு அப்படி ஒரு வார்த்த சொன்னதில்ல.

அக்கா, அக்காங்கறியே, உன் போன்ல என் நம்பரை என்னன்னு போட்டு வெச்சிருக்க? காட்டு. பாத்தியா, சார் வூட்டம்மா. நெனச்சேன். எனக்கும் பேரு இருக்குதும்மா. ஜோஸ்பின்.

உக்காரு, எந்திரிக்காத. உள்ள போவக் கூடாது. தூங்கறாரு. தூங்கலைன்னாலும் போவக் கூடாது. பக்கவாதம்னு தெரியுமில்ல உனக்கு? சாம்பல் புதன் பூசைக்குப் போயிட்டு வந்து சட்டையக் கழட்டினவரு, அப்படியே சாஞ்சுட்டாரு. நெத்தியில சாம்பலோடதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். வலது கை வரல. பேச்சும் போச்சு. ஈஸ்டரும் போயிடுச்சு, இன்னும் வரல. நீ போயி அவருகிட்ட, உங்க சங்கத்துக்கு அவரு எழுதிக் குடுத்த வெப்சைட்டு, சர்வருன்னு கேட்டா அவரு என்னத்தச் சொல்லுவாரு? பேச வேணாம், கையால காட்டினாப் போதும்ங்கற. கைதான் வரலைன்னு சொல்றேன்ல.

என்ன பாக்கற? உள்ள சத்தமா? பக்கத்து வூட்டு டிவி. எந்நேரமும் அலறிக்கிட்டு கெடக்கும்.

தண்ணி குடி. வெயில்ல வந்திருக்க. பஸ்ஸு உண்டா இப்ப மலைக்கு? சரி சரி, இருக்கட்டும்.

கேள்விக்குறி ஏன் வருதுன்னு நானே சொல்றேன், கேட்டுக்க. ரொம்பத் தெரிஞ்சவ மாதிரிப் பேசறேன்னு பாக்காத, எனக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடி நானும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனவதான். மலை மேல உங்க வெவசாயி சங்கத்து ஆபீஸ்ல இருக்குதே அந்தப் பழைய கம்ப்யூட்டர் பெட்டி, அதுல இருக்கற பிரவுசரும் பழசு. நீ தமிழ்ல சரியாத்தான் அடிக்கற. காளி, சின்னக்கான்னு உங்க சனங்க பேரு, என்ன தானியம், எத்தன மூட்டை, எல்லாம் சரியாத்தான் அடிக்கற. ஆனா அந்தப் பிரவுசரு அதை அனுப்பறப்ப, இது இங்கிலீஷ்காரன் பக்கம்னு தானா ஒண்ண நெனச்சுக்குது. தமிழ் எழுத்து ஒவ்வொண்ணையும் பாத்து, இது என் கணக்குலயே இல்லையேன்னு தூக்கிப் போட்டுட்டு அந்த எடத்துல ஒரு கேள்விக்குறிய வெச்சு அனுப்பிடுது. இங்க சர்வருக்கு வந்து சேர்றப்ப காளியும் இல்ல, சின்னக்காவும் இல்ல. சாமை போட்டது யாருன்னு அந்தக் கர்த்தருக்குத்தான் தெரியும்.

ஆமா, அவரு சொன்னதுதான். என்கிட்டயா சொன்னாரு? உன்கிட்ட போன்ல சொன்னாரு. நான் காய் நறுக்கிக்கிட்டே கேட்டேன்.

அந்தப் பெட்டிய மாத்துங்க, புதுசா ஒண்ணு நானே வாங்கித் தர்றேன்னு கூடச் சொன்னேன் மேனகா. பொறாமையில சொன்னேன், தர்மத்துல இல்ல. புதுசு வந்துட்டா உன் போன் வராதில்ல. அதுக்கு அவரு, உங்க எடை மெஷினு அந்தப் பழைய பெட்டியோடதான் பேசும், புதுசோட பேசாதுன்னாரு. எடை மெஷினு கூட ஒண்ணோடதான் குடும்பம் நடத்துது பாரு.

பிரவுசரு யாரோ எங்கயோ பண்ணது, அதை நம்மளால திருத்த முடியாது, நம்ம பக்கம்தான் வளைஞ்சு குடுக்கணும்பாரு. இதை எத்தன பெருந்தன்மையாச் சொல்வாருங்கற. வளைஞ்சாரு. இன்னின்ன பிரவுசரு வந்தா பக்கத்தை இப்படி அனுப்பு, வர்றதை அப்படிப் பிரிச்சுப் படின்னு அதுக்குன்னே எழுதினாரு. சரியாவல. மறுபடி எழுதினாரு. உலகத்துல எவனும் வெச்சுக்காத அந்த ஒரு பிரவுசருக்காக, மலை மேல இருக்கற ஒரே ஒரு பெட்டிக்காக. நான் மிக்சி ஜாரு மூடி ஒடைஞ்சு போச்சுன்னு சொல்லிச் சொல்லி, இன்னும் தட்ட வெச்சு அமுக்கிக்கிட்டுத்தான் அரைக்கறேன்.

சிரிக்காத. நான் சிரிக்கறதுக்குச் சொல்லல.

ஒகேனக்கல் போனமே, கல்யாண நாளைக்கு. உனக்கு எங்க தெரியும், தெரியாது. எங்க பையன் பிரவீன் பெங்களூரு வேலைக்குப் போன பெறவு நாங்க ரெண்டு பேரும் மட்டும் வெளிய போனது அது ஒண்ணுதான். பரிசல்ல போவலாம்னாரு, நனைஞ்சிடும்னு போனை பிளாஸ்டிக் கவருல சுத்தி சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டாரு. எனக்கு அப்பவே தெரியும். திரும்பி வந்து மீனு வறுவல் கடையில உக்காந்தோம். கல்லுல இருந்து எடுத்து எலையில போட்டுட்டுப் போவுது அந்தம்மா, புகையுது. புல்லாங்குழல். எந்திரிச்சுட்டாரு. பாறை மேல ஏறி நின்னுக்கிட்டு, சொல்லுங்க மேனகா, அவசரமில்ல, மெதுவாச் சொல்லுங்க, என்ன அடிச்சீங்க, என்ன தெரிஞ்சுது, கட்டம் கட்டமா வருதா, கேள்விக்குறியா வருதா, இல்ல நண்டு ஊர்ற மாதிரி வருதா. மெதுவா சொல்லுங்க. நான் இருக்கேன்.

நான் இருக்கேன். கேட்டேன் நான். தண்ணி விழுற அந்த எரைச்சல்லயும் கேட்டேன்.

மீனு ஆறிப் போச்சு. ஆறின மீன அப்படியே மடிச்சுப் போட்டேன். வந்து உக்காந்து, அந்தப் பொண்ணு எவ்வளவு தெளிவாச் சொல்லுது தெரியுமா, பாத்தத பாத்தபடி சொல்லுது, உன்ன மாதிரி வேலை செய்யல வேலை செய்யலைன்னு கத்தறதில்லன்னாரு. கல்யாண நாளைக்கு.

இரு, முழுசாக் கேளு. உன்ன அடிக்கவா போறேன், ஏன் பையத் தூக்கற?

அன்னிக்கு நீ சொன்னது கேள்விக்குறியில்ல. நண்டு எழுத்து. அதுக்கு அவருக்குச் சந்தோசம் தாங்கல. பஸ்ஸுல வர்றப்ப எனக்கு விளக்கமாச் சொன்னாரு, அதிசயம்தான். கேள்விக்குறியா வந்துச்சுன்னா எழுத்து செத்துப் போச்சு, ஒண்ணும் பண்ண முடியாது. நண்டு மாதிரி வந்துச்சுன்னா எழுத்து உள்ள பத்திரமாத்தான் இருக்குது, படிக்கறவங்கதான் தப்பாப் படிக்கறாங்க. எப்படி மாறிச்சுன்னு தெரிஞ்சுட்டா திருப்பி எடுத்துடலாம். அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கேன்னாரு. நமக்குத் தெரிஞ்ச ஒரு வார்த்தையப் பக்கத்துலயே கண்ணுக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சு அனுப்பிடறது. நீ பொத்தான அமுக்கினதும் மத்த பேரோட சேந்து அதுவும் திரும்பி வரும். அது அப்படியே வந்தா எல்லாம் சரி. நண்டா வந்தா, அது என்ன வார்த்தைன்னுதான் நமக்கு முன்னாடியே தெரியுமே, அதை வெச்சு மத்ததையும் மீட்டுடலாம். கேள்விக்குறியா வந்தா சேர்த்துக்காம நிறுத்திடும். நல்ல புத்திசாலித்தனம்தான். நான் இல்லங்கல.

என்ன வார்த்தைங்க வெச்சீங்கன்னு கேட்டேன். ஜன்னலப் பாத்தாரு. பென்னாகரம் வந்துடுச்சு, டீ குடிக்கிறியான்னாரு.

இவரு டீ வாங்கித் தர்ற ஆளா. வூட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போயி அந்தப் பக்கத்தத் தொறந்தேன். மவுஸுல வலது பக்கம் தட்டினா உள்ள எழுதி இருக்கறது தெரியுமில்ல, அதத் தொறந்தேன். ஒவ்வொரு பக்கத்துலயும் இருக்குது. சாமை விக்கற பக்கம், காப்பி விக்கற பக்கம், மிளகு, தேனு. எல்லாத்துலயும் கண்ணுக்குத் தெரியாம, உள்ள ஒளிஞ்சுக்கிட்டு ஒரே பேரு.

ஆமா. உன் பேருதான்.

உனக்கே தெரியாதா? சத்தியமா? சரி, நம்பறேன். அவரும் அதத்தான் சொன்னாரு. மொத நாளு போன்ல, எதையாவது ஒண்ண அடிங்கன்னாராம், நீ உன் பேர அடிச்சியாம், அதை வெச்சே சோதிச்சாராம், அப்பறம் மாத்த மறந்துட்டாராம். மறதி. இருபது வருசத்துக்கு மேலக் குடும்பம் நடத்தறேன், எனக்குத் தெரியாதா அவரு மறதி. நான் கேட்டேன், ஏங்க, சோதிக்கறதுக்குத்தானே பேரு, என் பேருல என்ன கொறச்சல்? கொம்பு இருக்குது, காலு இருக்குது, புள்ளி இருக்குது, வடமொழி எழுத்து கூட இருக்குது. அவ பேருல ஒரு புள்ளியாவது உண்டா? என் பேரு சரியா வந்துட்டா உலகத்துல எந்தப் பேரும் சரியா வருமே? ஓடறத எதுக்கு நோண்டணும்னாரு.

ஓடறத நோண்டக் கூடாதாம்.

அன்னிக்கு இருந்து நாங்க பேசிக்கல. பேசிக்கலைன்னா, சாப்பாடு இருக்குது, மாத்திரை போட்டாச்சா, அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி மட்டும் என்ன பெருசா பேசினோம். அவரு என்ன எப்படிக் கூப்பிடுவாரு தெரியுமா? இந்தா. அவ்வளவுதான் என் பேரு. மாடியில இருந்து இந்தா, குளியலறையில இருந்து இந்தா. எங்க மாமியா மதலேனம்மா இருந்த வரைக்கும், ஆம்பள பொண்டாட்டி பேரச் சொன்னா வூட்டுக்கு ஆவாதும்பாங்க. கோயில்ல தாலி கட்டறப்ப மட்டும் சாமியாரு சொல்லச் சொல்ல, ஜோசப் ராஜாகிய நான் ஜோஸ்பினாகிய உன்னைன்னு ஒரு தடவ சொன்னாரு. அதுவும் சாமியாரு எடுத்துக் குடுத்தது.

இல்ல, அழுவல. வெங்காயம் அரிஞ்ச கை.

கேள்விக்குறிக்கு வர்றேன். இவரு படுத்ததும் பிரவீன் லீவு போட்டுட்டு வந்தான். அப்பா சர்வரு பழசாயிடுச்சும்மா, எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திடறேன்னான். மாத்தறப்ப இந்த வளைஞ்ச வேலையெல்லாம் பாத்துட்டு, இது என்ன குப்பை, இந்தப் பிரவுசர இப்ப யாரும்மா வெச்சிருக்காங்கன்னு கேட்டான். அவனுக்கு மலையும் தெரியாது, உன் பெட்டியும் தெரியாது. எனக்குத் தெரியும். பக்கத்துலதான் நின்னேன். தூக்குடான்னேன். தூக்கிட்டான்.

அதான் விசயம். காளி பேரும் சின்னக்கா பேரும் கேள்விக்குறியாப் போனது அதனாலதான். திட்டணும்னா திட்டு. நான் பதில் பேச மாட்டேன்.

திட்டேன். என்ன இப்படி உக்காந்திருக்க.

சரி. நேத்து பிரவீனுக்கு போன் போட்டு எல்லாத்தையும் பழையபடி வைடான்னு சொல்லிட்டேன். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள வெச்சிடுவான். அவனே கேட்டான், அம்மா, அந்த ஒளிச்சு வெக்கற பேரு என்ன போடட்டும்னு. நான் யோசிச்சேன். மேனகாவே இருக்கட்டும்னுட்டேன். கேள்விக்குறியா வந்த வரைக்கும் போனது போனதுதான், அதை மட்டும் நீ மறுபடி அடிச்சுக்க. எங்களால மீட்க முடியாது.

ஏன் உன் பேரையே வெக்கச் சொன்னேன்னா கேக்கற?

அங்க இருந்துட்டுப் போவட்டும் மேனகா. அங்க இருக்கறது எனக்கு இப்ப வலிக்கல.

அது டிவி இல்ல. பக்கத்து வூட்ல டிவியே கெடையாது. அவருதான். முழிச்சுட்டாரு. நீ பேசறது கேட்டிருக்கும்.

பேச்சு போச்சுன்னு சொன்னேனில்ல, முழுசாப் போவல. ஒரே ஒரு சொல்லு மட்டும் வருது. தண்ணி வேணும்னாலும் அதுதான், வெளிச்சத்த அணைன்னாலும் அதுதான், தோளு வலிக்குதுன்னாலும் அதுதான். இப்படி ஒரு சொல்லு மாட்டிக்கறது சில பேருக்கு வரும்மா, அவரு வேணும்னு சொல்றதில்ல, உள்ள எல்லாம் தெரியுது, வெளிய வர்றப்ப அந்த ஒரு சொல்லாவே வந்துடுதுன்னாரு டாக்டரு. அப்பறம் பிரவீன் அவன் ஊருக்கே கூட்டிட்டுப் போயிச் சேத்தான், அந்தப் பெங்களூரு ஆஸ்பத்திரியில ஒரு கன்னடத்து நர்சம்மா, மாத்தாடி சார், மாத்தாடின்னு அவரு கன்னத்தத் தட்டினாங்க. பேசுங்கன்னு அர்த்தம். இவரு என்னத் திரும்பிப் பாத்து மொத மொத அதச் சொன்னாரு. நர்சம்மாவுக்கு ஒரே சந்தோசம். அதுதான் என் பேருன்னு நெனச்சுட்டாங்க. அங்க இருந்த வரைக்கும் மேனகா மேடம், மருந்து வாங்கிட்டு வாங்க, மேனகா மேடம், கையெழுத்துப் போடுங்கன்னாங்க. நான் திருத்தல. யாருன்னு கேட்டா என்னன்னு சொல்றது.

நீ ஏன் அழுவற? உன் மேல குத்தம் இருக்குதுன்னு நான் சொல்லலையே. குத்தம் இருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

போன எடுக்காததுக்கு அதுதான் காரணம். நீ இந்த வூட்டுக்குள்ள வந்துட்டா, உன்னப் பாத்து அவரு அதைச் சொன்னா, அது சரியாப் போயிடுமில்ல. அதை நான் பக்கத்துல நின்னு பாக்கணுமில்ல. வேணாம்னு இருந்தேன். இப்ப எனக்கே தெரிஞ்சுக்கணும் போல இருக்குது.

எந்திரி. செருப்ப அங்கயே விடு. தலை இடிக்கும், குனிஞ்சு வா. கட்டிலுக்கு இந்தப் பக்கம் நில்லு, அந்தக் கண்ணுக்குச் சரியாத் தெரியாது.

ஏங்க. இங்க பாருங்க, யாரு வந்திருக்கான்னு. வத்தல்மலையில இருந்து சாமை கொண்டாந்திருக்காங்க. பேரெல்லாம் சாயங்காலம் சரியாயிடும், பிரவீன் பாத்துக்குவான், நீங்க கவலப்படாதீங்க. மேனகாங்க. அந்தப் பேருக்கு உண்டானவங்க வந்துட்டாங்க. அதை அவங்ககிட்டயே குடுத்துடுங்க.

குடுத்துட்டீங்களா? இப்ப இந்தப் பக்கம் திரும்புங்க. என்னப் பாருங்க. அவசரமில்ல, மெதுவாச் சொல்லுங்க. நான் இருக்கேன். கோணலா வந்தாலும், நண்டாட்டம் வந்தாலும் பரவால்லைங்க, நான் படிச்சுக்குவேன். என்ன வரணும்னுதான் எனக்கு முன்னாடியே தெரியுமே.

ஜோஸ்பின். சொல்லுங்க.